பேய்க்கு முதலில் ஆள் தேடுவோம்

ராகவா லாரன்ஸ் இயக்கி நடிக்கும் ‘காஞ்சனா 4’ படத்தில் பூஜா ஹெக்டே, நோரா ஃபதேஹி இருவரும் நடிக்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் பேச்செல்லாம் வியாபாரத்தைச் சுற்றியே ஓடியது. அதைக் குறை சொல்ல மாட்டோம். படம் விற்றாக வேண்டும். ஆனால் பேய்ப்படத்துக்கு ஆள் எடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: செத்துப்போனவராக வரப்போவது யார்?

இந்த வரிசைப் படங்களே அதற்குச் சாட்சி. 2007இல் ‘முனி’க்கு ராஜ்கிரண், 2011இல் ‘காஞ்சனா’வுக்கு சரத்குமார். இரண்டிலும் நாயகன் லாரன்ஸ்தான். படத்தைத் தாங்கியதோ பிளாஷ்பேக்கில் வந்தவர்கள். சரத்குமாரின் அகன்ற தோளையும் அந்தப் புடவையையும் நிமிர்ந்த நடையையும் பார்த்த பிறகுதான், லாரன்ஸ் உடம்பில் ஏறியிருப்பது யாரென்று ரசிகருக்கு உறைக்கிறது. அதுவரை இருந்த பயம் அங்கே பரிவாக மாறுகிறது. பேய் பிடிக்கும் காட்சி எப்போதும் இருவர் நடிப்பு. ஒரே ஃபிரேமில் இருவரும் வராவிட்டாலும் ஆடிஷனில் சேர்த்தே பாருங்கள். ஒருவர் நடையை மற்றவர் நடந்து காட்டட்டும்.

2011இல் ‘காஞ்சனா’வில் திருநங்கையாக சரத்குமார் போன்ற ஒரு நட்சத்திரம் நடித்தது துணிச்சல். 2019இல் வெளியான ‘பேரன்பு’ திருநங்கைக் கலைஞர் அஞ்சலி அமீரையே அழைத்து வந்தது. இனி அப்படியொரு வேடம் எழுதப்பட்டால், திருநங்கைக் கலைஞர்களுக்குச் சொல்லி அனுப்பாமல் ஆடிஷனை முடிப்பது நியாயமில்லை.

குரலும் தேர்வுதான். மலையாளப் படமான ‘மணிச்சித்ரத்தாழு’ (1993) ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. அதில் நாகவல்லியாக மாறி அவர் தமிழில் சீறும் குரல் துர்கா என்ற பின்னணிக் கலைஞருடையது. பல ஆண்டுகள் கழித்து இயக்குநர் ஃபாசில் சொன்ன பிறகே அது ஊருக்குத் தெரிந்தது. பாதி பயம் அந்தக் குரலில் இருந்தது. குரல் கொடுப்பவரைக் கடைசி வாரத்தில் தேடும் பழக்கத்தையும், பெயரை விட்டுவிடும் பழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும்.

எங்கே தேடுவது? வட சென்னையிலும் தேடுங்கள் என்பதே இந்த இதழின் வேண்டுகோள். ‘மெட்ராஸ்’ (2014) பேய்ப்படம் இல்லை. ஆனாலும் அதில் வியாசர்பாடிச் சுவர் ஒன்று காவு கேட்கிறது. அந்தச் சுவரை நாம் நம்பும்படி செய்தவர்கள் கலையரசன், ரித்விகா, ஜானியாக வந்த ஹரி போன்றவர்கள். அன்று அவர்கள் பெரிய பெயர்கள் அல்ல.

மகாசிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு ராயபுரம், காசிமேடு பக்கம் போய்ப் பாருங்கள். காளி வேடம் கட்டுபவர் உட்கார்ந்து முகத்தில் வர்ணம் பூசிக்கொள்ளும்வரை பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். பம்பை முழங்கியதும் பேச்சு நிற்கும், கழுத்து விறைக்கும், எடுத்து வைக்கும் அடியே வேறாகிவிடும். எந்தப் பட்டறையிலும் எளிதில் கிடைக்காத உடல் பயிற்சி அது. இதே வட சென்னையில்தான் 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது; அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. பயம் என்றால் என்னவென்று இந்த மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் நாம் அவர்களைக் கூப்பிடுவது அடியாள் வேடத்துக்கும் கூட்டத்தில் நிற்பதற்கும்தான். சாலிகிராமத்தில் நடக்கும் ஆடிஷன் திருவொற்றியூரிலும் ஒரு நாள் நடக்கட்டும். நாலு வரி வசனம் பேசுபவருக்கும் டைட்டிலில் பெயர் வரட்டும்; பேசிய சம்பளம் அன்றே கைக்குப் போகட்டும். பெரிய பெயர்களை அறிவிப்பது தயாரிப்பாளரின் வேலை. அநியாயமாகச் செத்தவருக்கு உரிய முகத்தையும் குரலையும் கண்டுபிடிப்பது நம் வேலை. அதைச் சரியாகச் செய்தால்தான் பெரிய பெயர்களின் அலறலையும் தியேட்டர் நம்பும்.