கைக்கருவியில் தமிழுக்கும் இடம் வேண்டும்

சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில் விநாயகர் கிணற்றில் தோன்றினார் என்பது தலவரலாறு. அந்தப் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பிள்ளை ஒருவன் கிணற்றைக் குறிக்கும் 'வெல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தெலுங்கில் பொருள் தேடினால், 'பாவி' என்று விடை வரும். தெலுங்கில் அது கிணறு. தமிழில் அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். ஆனால் 'நீட்' என்ற சொல்லுக்கு 'அவசரம்' என்று வருகிறதே, அதை எப்படி மறப்பது? தெலுங்கில் அவசரம் என்றால் தேவை, தமிழில் விரைவு. பொழுதுபோக்குக்குத் தெலுங்கில் 'வினோதம்'. தமிழில் அது விசித்திரம். பரீட்சைத் தாளில் இப்படிப் பொருள் மாறினால் மார்க் போவது பையனுக்குத்தான்.

2022 டிசம்பரில் ஆந்திர அரசு, அரசுப் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமாக 5 லட்சத்துக்கு மேற்பட்ட டேப்லெட் கருவிகளை வழங்கியது. பைஜூஸ் நிறுவனத்தின் பாடங்கள் அவற்றில் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் இருந்தன. அந்நிறுவனம் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. அதே ஆண்டில் மாநிலத்தில் ஆட்சியும் மாறியது. கம்பெனி வரும், போகும். கருவியினால் வரும் நன்மையை மறுப்பதற்கில்லை. 'கலோனல்' என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அது 'கர்னல்' என்று அச்சிட்ட அகராதி காதில் சொல்லாது, கருவி சொல்லும். பத்துத் தடவை கேட்டாலும் கோபித்துக்கொள்ளாது. (எல்லா வாத்தியார்களையும் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?)

குறை, பொருள் சொல்லும் மொழியில்தான் இருக்கிறது. தெருவில் தெலுங்கு பேசிப் பழகிய பிள்ளைகள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். தகப்பனாரின் வேலை மாற்றலால் நேற்று வந்து சேர்ந்த பிள்ளையின் பாடுதான் திண்டாட்டம். பிழைக்க வந்தவர்கள் மட்டுமா தமிழர்கள்? 1911-இல் தனி ஜில்லா ஆகும்வரை சித்தூர் வட ஆர்க்காட்டோடு இருந்த ஊர். நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன.

இதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை. அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ் அகராதியைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள ஆங்கிலப் பாடநூல்களின் அருஞ்சொற்களைத் திரட்டி, தெலுங்குப் பொருளுக்குப் பக்கத்திலேயே தமிழ்ப் பொருளையும் குரலோடு சேர்த்தால் போதும். 'அவசரம்' போன்ற சொற்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கைக் குறிப்பு வேண்டும்.

இதைச் செய்ய ஆளைத் தேடி அலையவும் வேண்டாம். தென்மொழிகளுக்கென்றே 1997-இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் சித்தூர் மாவட்டத்துக் குப்பத்திலேயே இருக்கிறது. கல்வித் துறை அங்கே ஒரு கடிதம் எழுத வேண்டும். அடுத்த பள்ளி ஆண்டுக்குள் எழுதுமா?