குளவிக் கூட்டுக்கு நெருப்பு வைக்க முன்



போன கிழமை மஃரிபுக்குச் சற்று முன், எங்கள் வீதியில் ஒரு வீட்டுக் கூரையோரம் தொங்கிய குளவிக் கூட்டை, கம்பில் துணி சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினோம். "கொளுத்தினோம்" என்றுதான் எழுத வேண்டும். பற்ற வைத்தவர் ஒருவர், சுற்றி நின்று யோசனை சொன்னவர்கள் நாமெல்லோரும். கூடு பாதிதான் எரிந்தது. கிளம்பிய குளவிகள் மத்ரஸா விட்டு வந்த பிள்ளைகள் மேல் பாய்ந்தன. ஒரு பிள்ளைக்கு உதடு வீங்கி மூச்சு இழுத்தது. அப்போதும் நாம் சுண்ணாம்பு தேடிக்கொண்டிருந்தோம்! ஆட்டோக்காரத் தம்பி ஒருவர்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அல்ஹம்துலில்லாஹ், இன்று பிள்ளை வகுப்புக்கு வந்துவிட்டது.

தேனீ கொட்டினால் அதன் கொடுக்கு நம் தோலிலேயே நின்றுவிடும். குளவி அப்படியல்ல, ஒன்றே பல தடவை கொட்டும். ஒன்றை அடித்து நசுக்கினால் அந்த வாடைக்கே மற்றவை வரும். வெளிச்சம் இருக்கும்போது பாதிக் குளவிகள் கூட்டுக்கு வெளியேதான் திரியும். நன்றாக இருட்டிய பிறகுதான் எல்லாம் உள்ளே அடங்கும். கூட்டைப் பார்த்ததும் கல்லெறிகிற நம் பையன்களுக்கும் இதைச் சொல்லுங்கள். எறும்புப் புற்றை எரித்ததையே நபியவர்கள் கண்டித்தார்கள் என்று மிம்பரில் கேட்ட நாம்தான் நெருப்பை முதலில் தேடினோம்.

உயரமான மரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இருக்கிற கூட்டை அப்படியே விட்டுவிடலாம். வாசலில் இருந்தால் பழக்கமுள்ளவர்தான், உடம்பு முழுக்க மூடிய உடுப்போடு இரவில் அகற்ற வேண்டும். கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறல், தலைச்சுற்று, முகவீக்கம் என்றால் கைமருந்து வேண்டாம். நிறையக் கொட்டு விழுந்திருந்தால், ஆள் தெளிவாக இருந்தாலும் கொண்டு போங்கள். விஷம் சிறுநீரகத்தையும் தாக்கும்.

இன்னொரு விஷயம். நம் வாசலில் ஒரு கூடு என்றதும் ஊரே கூடினோம். பசறை, ஹாலிஎல, லுணுகலைப் பக்கத் தோட்டங்களில் "குளவிக் கொட்டுக்கு இலக்காகி தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி" என்று செய்தி வந்தால் விரலால் தள்ளிவிட்டுப் போகிறோம். அந்தத் தாய்மாரின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். முதுகில் கொழுந்துக் கூடையோடு, செங்குத்தான மலையில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்பவர் எங்கே ஓடுவது? சவுக்கு மரத்தில் கூடு இருக்கிறது என்று சொன்னால், "அந்தப் பக்கம் போகாம எடுங்க" என்பதே பதில் என்று பெற்றோர் சொல்கிறார்கள். நிறை குறைந்தால் மட்டும் கணக்கு வரும்.

வேலையில் ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே இங்கு சட்டம் இருக்கிறது. அது வேண்டியதுதான், ஆனால் கொட்டுப்பட்ட பிறகுதான் அது உதவும். கொழுந்து எடுக்க அனுப்ப முன் அந்த மலையைப் பார்த்து வர ஓர் ஆள், கூடு கண்டால் அன்றிரவே அகற்ற ஓர் ஏற்பாடு, தயாராக ஒரு வாகனம். தோட்ட நிர்வாகங்களுக்கு இது பெரிய செலவில்லை. தொழிற்சங்கக்காரர்கள் சம்பளப் பேச்சோடு இதையும் மேசையில் வைக்கட்டும், நாமும் சேர்ந்து கேட்போம்.

எங்கள் வீதியில் பாதி எரிந்த கூட்டில் குளவிகள் மறுபடி கட்டத் தொடங்கிவிட்டன. தேன் எடுத்துப் பழகிய ஒருவர் வியாழன் இஷாவுக்குப் பிறகு வருகிறார். அன்று ஜன்னல்களைச் சாத்தி, வெளி லைட்டை அணைத்து வையுங்கள். அதுவரை பிள்ளைகளை மேல் பாதையால் அனுப்புங்கள்.