ரொக்கமில்லா வரவு செலவும் நமது காவலும்

ரொக்கம் கைமாறாமல் கொடுக்கல் வாங்கல் நடப்பது கூட்டுறவாளர்களாகிய நமக்குப் புதிதன்று. நெசவாளர் சங்கத்தில் நூல் பெற்றுச் சென்றவர் துணியை ஒப்படைக்கும்போது, அவருக்குரிய கூலியும் அவர் செலுத்த வேண்டிய தவணையும் பேரேட்டிலேயே நேர்செய்யப்பட்டு வந்துள்ளன. விவசாயக் கடன் சங்கத்தில் கடனின் ஒரு பகுதி உரமாகவும் விதையாகவும் வழங்கப்பட்டு, அறுவடைக்குப் பின் கணக்கில் கழிக்கப்பட்டுள்ளது. ஆயின் அக்கணக்குகளுக்கு ஒரு காவல் இருந்தது. எழுத்தர் எழுதியதைச் செயலாளர் பார்த்தார். செயலாளர் ஒப்பமிட்டதைத் தலைவர் பார்த்தார். ஆண்டுதோறும் தணிக்கையாளர் வந்து யாவற்றையும் பார்த்தார். அங்கத்தினரோ தம் கண்ணெதிரே அமர்ந்திருந்த மனிதரிடமே பணத்தைக் கொடுத்தார், பெற்றார்.

இன்று கைப்பேசி வழியே நடைபெறும் வரவு செலவில் இக்காவல்கள் பெரும்பாலும் இல்லை. பணம் நொடிப்பொழுதில் செல்கிறது. பெறுபவர் யாரென்று தெரிவதில்லை. அருகில் நின்று “சற்றுப் பொறுங்கள்” என்று கூறுவாரும் இல்லை. இம்மாறுதலை ஏற்பதா வேண்டாவா என்னும் விவாதம் காலம் கடந்துவிட்டது. இதில் நம் அங்கத்தினர் பணத்துக்குப் பாதுகாப்பு எது, அதற்குப் பொறுப்பாளி யார் என்பதே இன்று நாம் ஆராய வேண்டுவது.

தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. முறையை அறிமுகப்படுத்தியது. அவ்வாண்டு நவம்பர் 8 ஆம் நாள் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபின், சந்தையிலும் கடைவீதியிலும் இம்முறை வேகமாகப் பரவிற்று. 2022 மார்ச்சில் சாதாரணக் கைப்பேசி வைத்திருப்போருக்கும் ஒரு வழி திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகள் இதன் வழியே நடந்தேறின. நெல் கொள்முதல் தொகையும் அரசு உதவித் தொகைகளும் வங்கிக் கணக்கிலேயே வந்து சேர்கின்றன. பல சங்கங்களில் நெசவுக் கூலியும் அவ்வாறே. இதனால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. கூலியில் இடைத்தரகர் கிள்ளி எடுப்பது குறைந்தது. பட்டுவாடா நாளுக்காகக் காத்திருப்பதும் குறைந்தது.

இனி மறுபக்கத்தைக் காண்போம். 2023–24 நிதியாண்டில் யு.பி.ஐ. மோசடிகள் 13.42 லட்சம் நிகழ்ந்தன என்றும், இழப்பு ரூ. 1,087 கோடி என்றும் மத்திய நிதியமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அவ்வாண்டில் இம்முறையில் கைமாறிய மொத்தத் தொகை ஏறக்குறைய 200 லட்சம் கோடி ரூபாய். அஃதாவது நூறு ரூபாய்க்கு அரைப் பைசா அளவே இழப்பு. “இது மிக அற்பம்” என்று புள்ளிவிவரம் காட்டுவோர் கூறுவர். ஆனால் இதே கணக்கை வேறு வகையிலும் போடலாம். இழந்த தொகையை நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு நிகழ்ச்சிக்குச் சராசரி எட்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. எட்டாயிரம் ரூபாய் என்பது வங்கியின் ஐந்தொகையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி. தறிக்குழியில் அமர்ந்து கால் வலிக்க மிதிக்கும் ஒரு குடும்பத்துக்கு அது வீட்டுச் செலவு, பிள்ளையின் பள்ளிச் செலவு, சங்கத்துக்குக் கட்ட வேண்டிய தவணை. நாட்டுக்கு அற்பமாகத் தோன்றுவது வீட்டுக்கு அற்பமன்று.

மோசடிகள் நிகழும் விதத்தை நம் அங்கத்தினர் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். முதலாவது, பணம் தருவதாகக் கூறிப் பணத்தைப் பறிப்பது. “உங்கள் சேலைக்கு முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்” என்று ஒருவர் தொலைபேசியில் பேசுவார். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை; ரகசிய எண்ணைப் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் வெளியே செல்கிறது என்பதே பொருள். இந்த ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொண்டாலே பெருந்தொகை காப்பாற்றப்படும். தனிநபர் தனிநபரிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை முறையை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்துமாறு கொடுப்பனவுக் கழகம் கட்டளையிட்டது நல்ல செயல். ஒரு கதவு அடைபட்டது. பேச்சினால் ஏமாற்றும் கதவு திறந்தே இருக்கிறது.

இரண்டாவது, விற்பனை நிலையங்களில் நடப்பது. கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையின் மீது வேறோர் அட்டையை ஒட்டிவிடுவர்; அல்லது பணம் செலுத்தியதுபோல் போலிப் படத்தைக் காட்டிச் சரக்குடன் சென்றுவிடுவர். மூன்றாவது, “பி.எம். கிசான் தவணை” என்றும் “வங்கிக் கணக்கு முடக்கம்” என்றும் கூறி வாட்ஸ்அப் வழியே செயலி ஒன்றை அனுப்புவது. அதை நிறுவினால், நமக்கு வரும் ஓ.டி.பி. எண்களை மோசடிக்காரர் அங்கிருந்தே படித்துவிடுவர். நான்காவது, கைரேகை வைத்துப் பணம் பெறும் முறையில் நிகழ்வது. நாட்டின் சில பகுதிகளில், பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்த ரேகையைப் படியெடுத்து ஆதார் வழியே பணம் எடுத்த வழக்குகள் பதிவாகியுள்ளன. ரேகையைப் பூட்டி வைக்கவும், வேண்டும்போது திறக்கவும் ஆதார் ஆணையம் வசதி செய்துள்ளது. நம் அங்கத்தினருள் எத்தனை பேர் அதை அறிவர்?

சட்டம் என்ன காப்பு அளிக்கிறது? ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 ஆம் நாள் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனையில், வங்கியின் மீதும் அவர்மீதும் தவறில்லாமல் வேறெங்கோ குறை நேர்ந்திருப்பின், மூன்று வேலை நாட்களுக்குள் அவர் வங்கிக்குத் தெரிவித்தால் அவருக்கு இழப்பே இல்லை என்றும், அவர்மீது பொறுப்பை நிரூபிக்கும் கடமை வங்கியினுடையது என்றும் அது வகுத்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் இத்தகைய விதிகள் வந்தன. இவை போற்றத்தக்கவை. எனினும் ஒரு பெரிய விலக்கு அதில் உண்டு. வாடிக்கையாளரின் கவனக் குறைவால், அஃதாவது ரகசிய எண் போன்றவற்றைப் பிறருக்குச் சொன்னதால், இழப்பு நேர்ந்திருப்பின், அவர் புகார் செய்யும்வரை ஏற்பட்ட இழப்பு முழுவதும் அவருடையதே.

நமது கருத்து வேறுபடுவது இங்கேதான். பெட்டியை உடைத்துத் திருடியவனால் நேர்ந்த இழப்புக்குப் பரிகாரம் உண்டு. நயமாகப் பேசிச் சாவியை வாங்கிச் சென்றவனால் நேர்ந்த இழப்புக்கு இல்லை. நம் ஊர்களில் நிகழ்பவையோ பெரும்பாலும் இரண்டாம் வகையே. அரசும் வங்கியும் கூலியைக் கணக்கில்தான் தருவோம் என்கின்றன. எழுதப் படிக்கத் தடுமாறும் முதியவர் கையில் கைப்பேசியைக் கொடுக்கின்றன. அவர் ஏமாறும்போது “கவனக் குறைவு” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. தாமாகத் தேர்ந்துகொள்ளாத முறைக்குள் கொண்டுவரப்பட்டவர்மீது அம்முறையின் அபாயம் முழுவதையும் சுமத்துவது நியாயமாகாது.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படும். இழப்பை வங்கி ஏற்றால் மக்கள் கவனத்தைக் கைவிடுவர், பொய்ப் புகார்களும் பெருகும் என்பர். இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. ஆகவேதான் முழு இழப்பையும் வங்கி ஏற்க வேண்டும் என நாம் கோரவில்லை. சிறு தொகைகளுக்கு ஓர் உச்சவரம்புடன் இழப்பீடு வழங்கலாம். முதன்முறையாக ஒரு புதிய கணக்குக்குப் பெருந்தொகை அனுப்பப்படும்போது, முதியோர் கணக்குகளிலேனும் சில மணி நேரம் அதை நிறுத்தி வைக்கலாம். மோசடிப் பணம் நொடியில் பல கணக்குகளுக்குப் பாய்வதால்தான் மீட்க முடியாமற் போகிறது. வேகம் நன்மையே, யாவருக்கும் எப்போதும் ஒரே வேகம் வேண்டும் என்பதில்லை. சிறு தொகை மோசடிகளில் 25,000 ரூபாய் வரை இழப்பீடு வழங்கும் ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி 2026 பிப்ரவரியில் முன்மொழிந்தது. அத்திசை சரியானது. அதன் பயன் கிராமத்து அங்கத்தினரையும் எட்டுமாறு செய்வது கூட்டுறவு வங்கிகளின் கடமை.

பிறரைக் கேட்பதற்கு முன் நம் வீட்டையும் நாம் ஒழுங்கு செய்ய வேண்டும். 1906 இல் தோன்றிய புனே காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி 2018 ஆகஸ்டில் கணினிக் கொள்ளைக்கு ஆளாயிற்று. போலி அட்டைகளைக் கொண்டு 28 நாடுகளில் பணம் எடுக்கப்பட்டது. வெளிநாட்டுக்கு மாற்றப்பட்ட தொகையையும் சேர்த்து ஏறக்குறைய 94 கோடி ரூபாய் பறிபோயிற்று. 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்ப உதவி வழங்கும் நிறுவனம் ஒன்று தாக்கப்பட்டபோது, கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாகச் சுமார் 300 சிறு வங்கிகளின் இணைப்பு தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. அங்கு அங்கத்தினர் எவரும் ரகசிய எண்ணைச் சொல்லவில்லை. நிறுவனங்களின் காவல் தளர்ந்ததே காரணம்.

63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. கணினி வந்துவிட்டது, கணினிக்குரிய ஒழுக்கம் வந்துவிட்டதா? ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் நாம் காண்பது கவலை தருகிறது. செயலாளரின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருக்கின்றனர். ஒருவர் பதிய மற்றவர் ஒப்ப வேண்டும் என்னும் விதி இருந்தும், இருவர் எண்ணையும் ஒருவரே பயன்படுத்துகிறார். இரும்புப் பெட்டிக்கு இரு சாவிகள் வேண்டும், இரண்டும் ஒருவர் கையில் இருத்தலாகாது என்று நம் முன்னோர் வகுத்த நெறியை, பெட்டி கணினியாக மாறியவுடன் நாம் மறந்துவிடலாமா?

இன்னொரு தீமையையும் குறிப்பிட்டாக வேண்டும். மோசடிப் பணம் எங்கே போய்ச் சேர்கிறது? யாரோ ஓர் ஏழையின் பெயரிலுள்ள கணக்குக்கு. “பாஸ்புக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறேன்” என்று இளைஞர்களை வலைவீசிப் பிடிக்கின்றனர். பினாமிக் கடனால் சங்கங்கள் சீரழிந்ததை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெயர் நம்முடையது, பணம் பிறருடையது, போலீஸ் வரும்போது கதவு தட்டப்படுவது நம் வீட்டில். கணக்கை வாடகைக்கு விடுபவர், வேறோர் ஊரிலுள்ள தம்மைப் போன்ற ஒரு நெசவாளரின் கூலி களவு போவதற்குத் துணை நிற்கிறார் என்பதை ஒவ்வொரு குடும்பமும் உணர வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. கணக்கில் கூலி வரவு வைத்தாலும் அங்கத்தினர் கையில் அச்சிட்ட சீட்டு ஒன்று தரப்பட வேண்டும். கைப்பேசிச் செய்தியைப் படிக்க இயலாதவருக்கு அதுவே சாட்சி. சேமிப்பு முழுவதும் உள்ள கணக்கைக் கைப்பேசியுடன் இணைக்காமல், அன்றாடச் செலவுக்கென்று சிறு இருப்புடன் வேறொரு கணக்கை வைத்துக்கொள்ளுமாறு அங்கத்தினருக்கு அறிவுரை கூறலாம். விற்பனை நிலையத்தில் தினமும் காலையில் கியூ.ஆர். அட்டையைச் சோதிப்பதும், பணம் கணக்கில் வந்ததை உறுதி செய்தபின்னரே சரக்கைக் கொடுப்பதும் வழக்கமாக வேண்டும். ரொக்கம் வேண்டுமென்று விரும்பும் முதியவரை ஏளனம் செய்யலாகாது. அவருக்குரிய சாளரம் திறந்திருக்க வேண்டும். பெண் நெசவாளர் கணக்கின் ரகசிய எண் அவரிடமே இருத்தல் வேண்டும். மகனிடமோ தரகரிடமோ அன்று.

யாவற்றினும் முக்கியமானது, ஏமாந்தவர் உடனே வந்து சொல்லும் இடமாகச் சங்கம் விளங்குவது. ஏமாந்தவர் வெட்கத்தால் வாய் மூடிக்கொள்கிறார். அந்த மௌனமே திருடனுக்குக் கிடைக்கும் அவகாசம். 1930 என்னும் உதவி எண்ணுக்கு முதல் மணி நேரத்திலேயே தெரிவித்தால், பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டுவதற்குள் தடுத்து நிறுத்த வழியுண்டு. அந்த எண்ணைச் சங்க வாயிலில் பெரிய எழுத்தில் எழுதி வைப்போம். புகாரைப் பதிவு செய்யவும், வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும், ஒப்புகை பெறவும் உதவுவதற்கு ஊழியர் ஒருவரை நியமிப்போம். பொதுக்குழுக் கூட்டத்தில் ஆண்டறிக்கை வாசிப்பதற்கு முன் கால் மணி நேரம் இதைப் பற்றிப் பேசுவோம்.

1904 இல் திருவள்ளூரை அடுத்த திரூரில் கடன் சங்கம் தோன்றியபோது, தனியொருவராக லேவாதேவிக்காரர் முன் நிற்க இயலாதவர்கள் ஒன்று கூடி நின்றனர். இன்றைய சூதுக்காரர் கடை விரித்து உட்காருவதில்லை, முகமும் காட்டுவதில்லை. ஆயினும் அவரும் தேடுவது தனித்து நிற்கும் மனிதரைத்தான். “யாரிடமும் சொல்லாதீர்கள், உடனே செய்யுங்கள்” என்பதே அவருடைய மந்திரம். “சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்கிறேன்” என்று ஒவ்வோர் அங்கத்தினரும் விடை கூறப் பழகுவாராயின் அம்மந்திரம் பலிக்காது. அவ்வாறு கேட்க வருவோரைப் பொறுமையுடன் வரவேற்கும் நிலையில் நம் சங்கங்களை வைப்பது நிர்வாக சபையினர் பொறுப்பு.