கல்லாவுக்குப் பூட்டு! அடி யாருக்கு?

கடை நடத்தும் சகோதரர்களே! பங்காளிகள் இருவர் பேரேட்டை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். 'கடன் ஏறிவிட்டது, செலவைக் குறை' என்கிறார் ஒருவர். 'எந்தச் செலவை?' என்கிறார் மற்றவர். தகராறு தீரவில்லை. உடனே கடையைப் பூட்டி, வேலையாட்களைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். இப்படியும் ஒரு வியாபாரமா என்று சிரிப்பீர்கள். ஊருக்கெல்லாம் நிர்வாகப் பாடம் நடத்தும் அமெரிக்கா இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறது!

1995 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். நாடாளுமன்றம் குடியரசுக் கட்சியின் கையில். ஜனாதிபதி கிளின்டனோ ஜனநாயகக் கட்சிக்காரர். ஏழே ஆண்டுகளில் பற்றாக்குறையை ஒழிப்போம் என்று சபாநாயகர் கிங்ரிச் கிளம்பினார். நல்ல நோக்கம்தானே என்று தோன்றும். கணக்கைப் புரட்டுங்கள். முதியோர் மருத்துவத் திட்டத்தில் சுமார் 27,000 கோடி டாலர் மிச்சம் பிடிப்பார்களாம். அதே ஏழாண்டில் சுமார் 24,500 கோடி டாலருக்கு வரிக்குறைப்பாம்! 'நாங்கள் வெட்டவில்லை, செலவு வளரும் வேகத்தைத்தான் குறைக்கிறோம்' என்றார்கள். கிளின்டன் கையெழுத்திட மறுத்தார். சுமார் 8 லட்சம் அரசு ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இதற்கிடையே ஒரு கூத்து. இஸ்ரேல் பிரதமர் ராபினின் இறுதிச் சடங்குக்குப் போய் வந்தபோது, விமானத்தில் ஜனாதிபதி தன்னிடம் பேசவில்லை, பின்வாசல் வழியாக இறங்கச் சொன்னார்கள். தான் கடுமை காட்டியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கிங்ரிச்சே பத்திரிகையாளர்களிடம் சொன்னார்! ஒரு வல்லரசின் கஜானா மூடிய கதை இது.

பிறகு 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் உபரி பட்ஜெட் வந்தது. அந்த உபரி என்ன ஆயிற்று? ஜார்ஜ் புஷ் 2001லும் 2003லும் வரியைக் குறைத்தார். ஆப்கானிஸ்தான் மீதும் ஈராக் மீதும் கடன் வாங்கிப் போர் தொடுத்தார். பற்றாக்குறை என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் பெரும்பாலோர் அன்று வாய் திறக்கவில்லை. ஒபாமா வந்ததும் ஞாபகம் திரும்பி விட்டது! 2011இல் கடன் உச்சவரம்பை வைத்து நடந்த மல்லுக்கட்டு முடிந்த சில நாட்களில், ஸ்டாண்டர்ட் அண்ட் பூவர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தையே ஒரு படி இறக்கியது.

ஜனநாயகக் கட்சியை உத்தமர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2021இல் 1.9 லட்சம் கோடி டாலர் நிவாரணத்தை அவர்களும் கடனில்தான் கொடுத்தார்கள். 2025இல் டிரம்ப் கட்சி வரியையும் ஏழைகளின் மருத்துவ உதவியையும் ஒரே சட்டத்தில் குறைத்தது. பற்றாக்குறையோ குறையவில்லை, பத்தாண்டில் 3.4 லட்சம் கோடி டாலர் கூடும் என்றது நாடாளுமன்றத்தின் சொந்த பட்ஜெட் அலுவலகம். அந்த அக்டோபரில் மருத்துவக் காப்பீட்டு மானியத்துக்காக ஜனநாயகக் கட்சி ஓட்டுப் போட மறுத்தது. 43 நாட்கள் பூட்டு! 4 கோடிக்கும் அதிகமானோரின் உணவு உதவி நவம்பரில் தடுமாறியது.

கடன் 38 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 2024 நிதியாண்டிலேயே வட்டிச் செலவு ராணுவச் செலவை மிஞ்சிவிட்டது.

இளைஞர்களே, இன்னொன்றையும் கவனியுங்கள். பூட்டு திறந்தபின் அரசு ஊழியருக்கு விடுபட்ட சம்பளம் கிடைக்க 2019இல் சட்டம் வந்தது. அதே கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. பூட்டுப் போட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கோ, ஒருநாள் சம்பளமும் நின்றதில்லை.