சலுகை காகிதத்தில்! பிள்ளைகள் பிளாட்பாரத்தில்!

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல் காலம். பேரருவியும் ஐந்தருவியும் ஆர்ப்பரிக்கும். காரிலும் சொகுசு பஸ்ஸிலும் வந்து குளித்துவிட்டுப் போகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அரசுப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே வந்து நிற்க முடிகிறது?

"கஞ்சிக்கே திண்டாடுகிறவர்களுக்குக் கல்விச் சுற்றுலா ஒரு கேடா?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

இரவு எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறும் பிள்ளை, கரிசல் காட்டில் கண் விழிக்கிறது. ராஜபாளையம் தாண்டியதும் மலை கூடவே ஓடி வருகிறது. தென்காசியில் இறங்கினால் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோவில். அங்கிருந்து கொல்லம் பாதையில் போனால் மலையைக் குடைந்த குகைகள், பதின்மூன்று கண் பாலம். 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. அகலப்பாதை வேலைக்காக 2010-ல் மூடி, 2018-ல்தான் முழுமையாகத் திறந்தார்கள். பாண்டியன் பெயரை ஊரே சொல்கிறது; மலையைக் குடைந்த கூலிகளின் பெயர் யாருக்குத் தெரியும்? ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்று குற்றாலத்தை நனைக்க, சற்றுக் கிழக்கே கரிசல் மண் காய்ந்து கிடப்பது ஏன்? பூகோளமும் சரித்திரமும் ஜன்னலோரம் வந்து நின்று பாடம் நடத்துகின்றன. இதுவா பொழுதுபோக்கு?

சலுகை இல்லையா என்றால், இருக்கிறது. கல்விச் சுற்றுலா போகும் மாணவர்களுக்கு ரயில் கட்டணத்தில் 50 சதவீதம், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவீதம். கிராமப்புற அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம். கேட்க இனிக்கிறது!

ஆனால் நடப்பது என்ன? அந்த டிக்கெட்டை இணையத்தில் எடுக்க முடியாது. படிவமும் சான்றிதழும் ஏந்தி ஆசிரியர் கவுண்டருக்கு நடக்க வேண்டும். முன்பதிவு திறப்பது 60 நாளுக்கு முன்பு. நாற்பது பிள்ளைகளுக்கும் ஒருசேர இடம் கேட்டு அவர் வரிசையில் நிற்பதற்குள் பட்டியல் நிரம்பிவிடுகிறது. தட்கலில் சலுகை இல்லை. வந்தே பாரத்தில் சலுகை இல்லை. புதிய ரயில் பணக்காரருக்கு. பழைய படிவம் ஏழைக்கு! இது சலுகையா, கண்துடைப்பா?

ஆயிரம் பீடி சுற்றினால் இவ்வளவு என்று கூலி வாங்கும் தாய்மார்கள் தென்காசி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அருவி வீட்டுப் பக்கம். ஆனால் மகள் சென்னையின் அருங்காட்சியகத்தையும் துறைமுகத்தையும் பார்க்க வேண்டுமானால் அந்தத் தாய் எத்தனை ஆயிரம் சுற்ற வேண்டும்?

எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். முதியோர் சலுகையை 2020 மார்ச்சில் 'தற்காலிகமாக' நிறுத்தினார்கள். மாணவர் சலுகை தப்பியது. நாம் சும்மா இருந்தால் நாளை அதற்கும் கத்தி விழாது என்று யார் உத்தரவாதம் தருவது?

நாம் கேட்பது பிச்சையல்ல. மாணவர் குழுக்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். சாரல் காலத்தில் கூடுதல் பெட்டி வேண்டும். தலைமை ஆசிரியரின் ஒரு கடிதமே போதும் என்ற விதி வேண்டும். சலுகை எல்லா ரயிலிலும் செல்ல வேண்டும்.

தண்டவாளம் போட்டது உழைப்பாளியின் கை. அதன் மேல் ஓடும் ரயிலில் அவன் பிள்ளைக்கு ஜன்னலோரம் ஓர் இடம் கேட்பது குற்றமா? பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாகக் குரல் கொடுங்கள்!