திரையைப் படம்பிடித்தால் போதுமா?

முதுகலை மாணவர் ஒருவர் அண்மையில் தம் ஆய்வேட்டின் பின்னிணைப்பாக நாற்பது தாள்களை நம்மிடம் கொடுத்தார். அத்தனையும் இணையத்தில் வெளிவந்த கவிதைகளும் கட்டுரைகளும். வீட்டுக் கணினியின் திரையைப் படம்பிடித்து அச்சிட்டவை. ஒரு தாளிலும் முகவரி இல்லை, நாள் இல்லை. சிலவற்றில் ஆசிரியர் பெயரே வெட்டுப்பட்டிருந்தது. கேட்டோம். "எழுத்துத்தான் தெரிகிறதே ஐயா" என்றார். நம் சண்டை இந்த விடையோடுதான், மாணவரோடு அன்று. அவருக்கு வேறு வழி காட்டாதவர்கள் ஆசிரியர்களாகிய நாம்தாமே!

பிரிண்ட் ஸ்கிரீன் விசை செய்வது ஒன்றே. அக்கணத்தில் திரையில் ஒளிரும் புள்ளிகளை அப்படியே நகலெடுக்கிறது. திரைக்குக் கீழே இறங்கிக் கிடக்கும் அடுத்த பத்தி அதற்குத் தெரியாது. அந்த நகலில் 'அ' என்பது எழுத்தன்று, கறுப்புப் புள்ளிகளின் கூட்டம். அதில் ஒரு சொல்லைத் தேட இயலாது. பார்வையற்ற மாணவர் நம்பியிருக்கும் திரைவாசிப்பான், எழுத்துணரி துணைக்கு வராவிட்டால், அதன்முன் ஊமையாகிவிடும். அச்சிலாவது அழகாக வருமா என்றால் அதுவும் இல்லை. 1366 புள்ளி அகலமுள்ள திரைப்படிமத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட்டால் நாலரை அங்குலமே தேறும். ஏ4 தாளை நிரப்ப இழுத்தாலோ எழுத்தின் விளிம்பு மங்கும். ஒற்றின் மேலுள்ள புள்ளியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"எழுத்தை யாரும் திருத்திவிடலாம், படம் பொய் சொல்லாது" என்று வாதிடுவோர் உண்டு. பெயின்ட் செயலியில் ஐந்து நிமிடம் செலவழித்தால் இந்த நம்பிக்கை கலைந்துவிடும். நாளும் முகவரியும் இல்லாத படம் சான்றாகாது, நினைவுப்பொருள் மட்டுமே.

படமே தேவைப்படும் இடமும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. திஸ்கி முதலிய பழைய குறியேற்றங்களில் எழுதப்பட்ட பக்கங்களை இன்று உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் புரியாத குறிகளே வரிசையாக நிற்கும். அப்பக்கம் அன்று எப்படித் தோன்றியது என்பதைப் படம்தான் சொல்லும். 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது எத்தனையோ தனிமனிதர் பக்கங்கள் அதோடு போயின. ஆனால் அங்கும் படம் எழுத்துக்குத் துணையாகலாமே தவிர மாற்றாகாது.

செய்ய வேண்டியது கடினமும் அன்று. கண்ட்ரோல் விசையோடு 'பி'யை அழுத்துங்கள். தலைப்பும் அடிக்குறிப்பும் வருமாறு தெரிவு செய்தால் முகவரியும் நாளும் தாளிலேயே பதியும். அதையே பிடிஎஃப் ஆகச் சேமித்தால் எழுத்து எழுத்தாகவே தங்கும்; தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்தின் முகவரியை வேபேக் மெஷினில் ஒப்படைத்தால் பிறருக்கும் பயன்படும். படமும் வேண்டுமா? எடுங்கள், முகவரிப் பட்டையை வெட்டாமல் எடுங்கள்.

ஏடெழுதியோர் பலர் சுவடியின் இறுதியில் ஆண்டும் மாதமும் தம் பெயரும் பொறித்துவிட்டே எழுத்தாணியைக் கீழே வைத்தனர். பிற்காலத்தார் கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அச்சுப்பொறியை வீட்டு மேசையிலேயே வைத்திருக்கும் நமக்கு அது தெரியவில்லையெனில், குறை கருவியினுடையதா?