கொடுத்தால் வருவோம்

'நிலுவைச் சம்பளத்தைக் கொடுத்தால் வேலைக்கு வருவோம்.' தமிழில் இது தெளிவான பேச்சு. 'கொடுத்தால்' என்பதை வங்காளிகளும் 'திலே' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கொல்கத்தாவில் நம்மவர் இதையே ஆங்கில மனுவாக எழுதும்போதுதான் தடுமாற்றம்.

'இஃப் யூ பே, வீ வில் கம்' என்றால் உறுதியான வாக்கு. 'பெய்ட்', 'வுட்' என்று மாற்றினால், கொடுப்பீர்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கில்லை என்ற தொனி வந்துவிடும். 'ஹேட் பெய்ட்', 'வுட் ஹேவ் கம்' என்றாலோ, 'கொடுத்திருந்தால் வந்திருப்போம்'. காரியம் கைநழுவிவிட்டது என்று பொருள். 'அன்லெஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'இல்லாவிட்டால்' அடங்கியிருக்கிறது. அதனுடன் 'நாட்' சேர்த்தால் பொருள் தலைகீழாகும்.

இலக்கண அட்டவணையை உருப்போடுவதைவிடத் தமிழோடு ஒப்பிட்டுக் கற்பதே நல்லது. இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால், நம் மனுக்கள் சொல்ல வந்ததைச் சொல்லும்.